ஒரு பக்கக் குறிப்பு

மேலதிக அரசாங்க அதிபர் சொன்னது இவ்வளவுதான்:
புதன்கிழமை லக்சம்பேர்க்கிலிருந்து மூன்று பேர் வருகினம்,
நாட்டைப் பற்றி ஒரு பக்கம் வேணும்.
அரசு, பொருளாதாரம், சனத்தொகை, சுகாதாரம்.
ஒரு பக்கம்தான், பிள்ளை.

கச்சேரிப் புள்ளிவிவரக் கிளையில்
ஒரு மின்விசிறி சுற்றும்.
மற்றது சுற்றுவதாகப் பேர்.

அரசு: பெருங்கோமகன் ஒருவர், பிரதமர் ஒருவர்,
அறுபது பேர் குந்தும் ஒரேயொரு சபை.
எங்கள் மாகாண சபைக்குக் கதிரைகள் முப்பத்தெட்டு,
தூசு தட்ட ஆள் வந்து போவதாகக் கேள்வி
என்று எழுதி
அழித்தேன்.

பொருளாதாரம்: முன்னர் இரும்பு, இப்போது வங்கி.
விடிந்தால் மூன்று எல்லைகளாலும்
இரண்டு லட்சத்துக்கு மேலானோர் வேலைக்கு உள்ளே வருகிறார்கள்.
பொழுதுபட வீடு திரும்புகிறார்கள்.
இந்த இரண்டாம் வரியை
நான் ஏனோ திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பஸ், ரயில் எதற்கும் காசில்லை என்றதும்
சாரதி ரூபகரன்
'அப்ப மிச்சக் காசுக்குச் சண்டையும் இல்லை' என்றார்,
கொஞ்சம் கவலையாக.

சனத்தொகை: ஆறரை லட்சத்துக்கு மேல்.
கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிறநாட்டவர்.
எங்கள் மாவட்டத்தையும் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.
எண்பத்தொன்றில் நாங்கள் ஏழு லட்சத்து முப்பத்தெண்ணாயிரம்,
அவர்கள் எங்களில் பாதி.
தொண்ணூற்றொன்றில் அவர்களுக்கு ஓர் எண்,
எங்களுக்கு ஒரு சிறுகோடு.
இரண்டாயிரத்தொன்றில் அவர்களுக்கு ஓர் எண்,
எங்களுக்கு ஓர் ஊகம், தலையில் உடுக்குறியோடு.
பன்னிரண்டில் எங்களை எண்ணினார்கள். ஆறு லட்சம் வரவில்லை.
பிறகு ஓரிடத்தில் நீலக்கோடு
சிவப்புக்கோட்டை வெட்டி மேலே போகிறது.
வெட்டிய இடத்தில் கணினி ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

கிருபாலினி எட்டிப் பார்த்தாள்.
அவளுடைய அண்ணன் அங்கேதான், ஓர் உணவகக் குசினியில்.
'நீலத்துக்குள்ளை அவனும் நிக்கிறான், என்ன?'
'ஓம்.'
'சிவப்பிலை இருந்து கழிச்சாச்சோ?'

எண்பத்து நான்கில் பிறந்தவன்.
இரண்டாயிரத்து ஒன்பதில் போனவன்.
கூட்டினால்தானே கழிப்பதற்கு.
வீட்டில் எத்தனை பேர் என்று
அவனிடம் முதன்முதலில் யாரும் கேட்டது
அந்த ஊரில்,
அவன் தனியாக இருந்தபோது.

சுகாதாரம்: ஒவ்வொரு சம்பளத்திலும் ஒரு பங்கு நிதியத்துக்கு.
வைத்தியருக்கு முதலில் கட்டிப்
பற்றுச்சீட்டை அனுப்பினால்
பெரும்பகுதி திரும்பி வரும்.
இங்கே கட்டவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம்.
நம்பர் எடுக்க வேண்டும்.
போன கிழமை பெரியாஸ்பத்திரித் தைரொய்ட் கிளினிக்கில்
என் நம்பர் நாற்பத்தொன்று, நாலரைக்கே போனபடியால்.
பக்கத்தில் நெடுந்தீவுப் பெண்ணொருத்தி, காலைப் படகில் வந்தவள்,
நூற்றுத் தொண்ணூற்றாறு.
கடைசிப் படகு அவளுக்காக நிற்காது.
துண்டுகளை மாற்றிக்கொண்டோம்.
அன்றைக்கு எனக்கு அரைநாள் சம்பளமற்ற லீவு.
இதைக் குறிப்பில் எங்கே போடுவது?

புதன் வந்தார்கள். நல்ல மனிதர்கள், வியர்த்துப்போனார்கள்.
'வரைபடம் வேண்டாம், பக்கம் நீளுது' என்று
அதை ஐயா முன்னமே எடுத்துவிட்டார்.
அவர்கள் கேட்டது கடல் எவ்வளவு தூரம் என்று.
அவர்களுடைய நாட்டில் கடல் இல்லை.
அது என் குறிப்பிலும் இல்லை.

பண்ணைப் பாலத்தடியில் மூவரும் காற்சட்டையை மடித்துக்கொண்டு
முழங்கால்கூட நனையாத நீரில் நின்றபோது
கிருபாலினி உயரமானவரிடம் போய்
அந்த உணவகத்தின் பெயரைச் சொன்னாள்.
அவர் கண்ணை மூடி யோசித்தார்.
தெரியும் என்றார்,
ஒருமுறை அங்கே சாப்பிட்டதாகவும்.

மரியாதைக்குச் சொல்லியிருப்பார் என்றேன், வாகனத்தில்.
அவள் வெளியே பார்த்தபடி,
'இருக்கலாம்' என்றாள்.
'சின்ன நாடுதானே.'