முதலில் கதவு

0417.
பெயர் கிடையாது; இருக்கவும் கூடாது.
தொலைக்கல்வியில் எல்லாரும்
ஓர் எண்ணாகத்தான் வந்து சேர்கிறார்கள்
செங்காங் பதினோராம் மாடிக்கு,
பிள்ளை தூங்கிய பின்,
பாத்திரம் கழுவிய ஈரம் காயாத விரல்களுக்கு.

நான் இரண்டாம் திருத்துநர்.
முதலாமவர் போட்டதை எனக்குக் காட்டமாட்டார்கள்.
ஒரே தாளுக்கு இரண்டு தராசு,
ஒன்றன் முகத்தை ஒன்று பாராமல்.

0415க்கும் 0422க்கும் ஒரே எழுத்துப்பிழை,
ஒரே இடத்தில், ஒரே முற்றுப்புள்ளி.
அவை வேறு அறைக்குப் போய்விட்டன.
0417இன் ஒற்றுமை விகிதம் மூன்று.
யாரையும் போல இல்லை அது.
சமர்ப்பித்த நேரம் விடிகாலை 4.12.
வேலை இடைவேளையாக இருக்கும்.
இதை யூகிக்கவும் எனக்கு அனுமதியில்லை.

கேள்வி மூன்று:
குளிர்க்கிடங்கில் வெப்பநிலை ஏறுகிறது.
உங்கள் முதல் நடவடிக்கை யாது?
மாதிரி விடை நான்கு வரி.
மேலாளருக்குத் தெரிவித்தல். பதிவு செய்தல்.
சரக்கைத் தனிமைப்படுத்தல். அறிக்கை.
வரிக்கு ஐந்து.

0417 எழுதியிருந்தது:
"முதலில் கதவைச் சாத்துவேன்.
பாதி நேரம் அதுதான் காரணம்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் திறந்துபோட்டுப் போயிருப்பார்.
பிறகுதான் போன்."

சிரித்துவிட்டேன்.
அப்புறம் மதிப்பீட்டு அட்டவணையில் தேடினேன்,
கதவுக்கு ஒரு கட்டம்.
இல்லை.

சனிக்கிழமை சீர்பார்ப்புக் கூட்டம்.
திரையில் ஆறு முகம், ஒரு பூனை.
ஹுவீ மின் சுழியம் போட்டிருந்தார், நான் பன்னிரண்டு.
"எழுதியதற்குத்தான் மதிப்பெண்,
எழுதியவர்மேல் வரும் பிரியத்துக்கு இல்லை" என்றார்.
சுருக்கென்றது. சரியாகவும் இருந்தது.
ரோஸ்லான் ஏழு வருடம் பயனியரில்
கிடங்கு பார்த்தவர். அவர் கேட்டார்:
"இந்த மாதிரி விடையை எழுதியவர்
எப்போதாவது குளிர்க்கிடங்குக்குள் போயிருக்கிறாரா?"

எழுதியது நான்.
போனதில்லை.

ஒருவருக்கு மட்டும் விதியை வளைக்க முடியாது.
அட்டவணையிலேயே ஒரு கட்டம் சேர்த்தோம்:
உடனடித் தடுப்பு, ஐந்து.
இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் மறுபடி திறந்தோம்.
கதவைச் சாத்தியவர்கள்
இன்னும் பத்தொன்பது பேர் இருந்தார்கள்.
முதல் சுற்றில் அவர்களை நான் தாண்டிப் போயிருக்கிறேன்.
அவர்கள் எழுதியது சிரிப்பாக இல்லை, அவ்வளவுதான்.

0417ஐக் கூட்டினேன்: முப்பத்தொன்பது.
தேர்ச்சிக்கு நாற்பது.
கீழிருந்து மேலாகக் கூட்டினேன்.
முப்பத்தொன்பது.

அந்த ஒன்று எங்காவது கிடக்குமா என்று
இரண்டாம் கேள்விக்குப் போனது கண்.
திருத்திய நேரம் 1.47.
நள்ளிரவு தாண்டினால் என் கை இறுகுகிறது;
சராசரியில் ஒன்றரை குறைகிறது,
கணக்கே காட்டிக்கொடுக்கிறது.
ஆக அந்த ஒன்று நியாயமாகவும் இருக்கலாம்.
தேடுவது நியாயத்தையா,
கதவைச் சாத்திய அந்த ஆளுக்கு ஒரு வழியையா?
நேர்மையாகச் சொன்னால், தெரியவில்லை.

பன்னிரண்டுக்குப் பிறகு திருத்திய
நாற்பத்தொரு தாளையும் ஹுவீ மினுக்கு அனுப்பினேன்,
என் எண்களை அழித்துவிட்டு.
காரணம் என்ற இடத்தில்: களைப்பு.
"கோப்பி வாங்கிக் கொடுக்கவேண்டும், சியூ டாய்"
என்று பதில் வந்தது.

முடிவு வியாழக்கிழமை.
0417 இப்போது எந்தக் கிடங்கில்,
எத்தனை உறை மாட்டிய கைகளோடு,
ஆணா பெண்ணா, வயதென்ன,
தெரியாது.
தெரியாமலிருப்பது என் வேலையில் பாதி.

விளக்கணைத்துப் படுத்தவள்
எழுந்து சமையலறைக்குப் போனேன்.
ஐஸ்பெட்டிக் கதவை அழுத்திப் பார்த்தேன்.
சாத்தித்தான் இருந்தது.