ஒற்றைப்படை

இரும்புப் படி வாடகைக்கு
கொரடாச்சேரியில் ஆயிரத்தைந்நூறு கேட்டார்கள்.
வீட்டில் இருந்ததோ முப்பது சிப்பம்
குறுவை நெல்.

கொள்முதல் நிலையத்துக் கருவி காட்டியது பத்தொன்பது.
பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.
"காயவெச்சுக் கொண்டாங்க" என்றார் எழுத்தர்.
சொல்லி வாய் மூடவில்லை, அவர் பேரேட்டிலேயே
விழுந்தது தூறல்.
போக ஒரு வாடகை, வர ஒரு வாடகை.
கூடத்தில் இறக்கினோம்.
மறுநாள் அமாவாசை.

தியாகேசன்தான் முதலில் பார்த்தார்,
அடுக்கிய சாக்கே பாதி படியாக நிற்பதை.
முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு,
அதற்கும் பின்னால் மூன்று என்று
நடுராத்திரி வரை நகர்த்தினார்.
"படி ஒற்றைப்படையா இருக்கணும்" என்றேன்.
எண்ணினார். ஐந்து.
நெல்லுக்கும் சம்மதம்.

அவருடைய கல்யாண வேட்டியை மேலே விரித்து
சாக்கோடு சேர்த்துக் குண்டூசி குத்தினேன்.
ஒவ்வொரு குத்துக்கும் நாலு மணி உதிர்ந்தது.
வாசலில் மாக்கோலம், சுற்றிலும் காவி,
நிலையில் மாவிலை,
சன்னல் கம்பியில் சீரியல் பல்பு;
அதில் பச்சை மட்டும் மூன்று வருஷமாக எரிவதில்லை.

உச்சியில் கலசம்.
மூன்றாம் படியில் தசாவதாரம்,
கல்கி போன வருஷமே கத்தியைத் தொலைத்தவர்.
கீழ்ப்படியில் செட்டியார் தம்பதி
அரை விரல் உயரத்துக்கு அரிசி குவித்து
வியாபாரத்துக்குக் காத்திருந்தார்கள்.
தான் உட்கார்ந்திருப்பது எதன்மேல் என்று
செட்டியாருக்கு யாரும் சொல்லவில்லை.

சந்தனம், சாம்பிராணி, சுண்டல் தாளிப்பு
எல்லாம் அடங்கிய பின் இரவில் ஒரு வாடை எழும்.
ஈரச் சாக்கு.
டேபிள் ஃபேனைச் சாமி பக்கம் திருப்பிவிட்டு
நாங்கள் வியர்த்துக்கொண்டு படுத்தோம்.

பார்க்குக்குக் கடுகு தெளித்திருந்தாள் பவதாரிணி.
அது மூன்றாம் நாள் முளைத்தது.
நான்காம் நாள்
யாரும் தெளிக்காத மூன்றாம் படியில்
வேட்டி இழையை விலக்கிக்கொண்டு ஒரு பச்சை,
மூன்றடி மண் கேட்டவரின்
காலுக்குப் பக்கத்தில்,
மண்ணே இல்லாமல்.

தாம்பூலத்துக்கு வந்த போஸ்ட்மாஸ்டர் சம்சாரம்
"நெசப் புல்லு மாதிரியே இருக்கே, எங்க வாங்கினது?" என்றாள்.
மன்னார்குடி என்று சொல்லிவிட்டேன்.
அவள் தலை மறைந்ததும் கிள்ளி எறிந்தேன்.
காலையில் நான்கு.

ஆறாம் நாள் இரவு ஒன்பதரைக்குப் போன்.
உத்தரவு வந்துவிட்டதாம், இருபது வரைக்கும் எடுப்பார்களாம்,
நாளை ஏழு மணிக்குள் லோடு வரணும்,
அப்புறம் பூஜை லீவு, அப்புறம் மழை.

விஜயதசமிக்கு முன் கொலுவைக் கலைக்கக் கூடாது.
அவர் என் முகத்தைப் பார்த்தார்.
நான் கலசத்தைப் பார்த்தேன்.
சொசைட்டிக் கடன்
யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

கலைக்கவில்லை, இறக்கினோம், அவ்வளவுதான்.
பாய் விரித்து ஒவ்வொருவராகக் கையில் ஏந்தி
மன்னிப்புக் கேட்டுக் கேட்டு உட்காரவைத்தேன்.
பெருமாள், பேண்டு வாத்தியக்காரர்கள்,
மூக்குடைந்த போலீஸ்காரர்
எல்லாரும் தரையில் ஒரே வரிசை,
இலைக்குக் காத்திருக்கும் பந்தி மாதிரி.
செட்டியாருக்கு ஒரு முழம்தான் இறக்கம்.
அவர் அரிசி சிந்தவில்லை.

காலையில் போன லோடு
மாலை மூன்றுக்குத் திரும்பியது
ஒரே ஒரு சிப்பத்தோடு.
குத்தூசியில் எடுத்து உள்ளங்கையில் கொட்டி
"முளைச்சிருச்சு, வேணாம்" என்றார்களாம்.
இருபத்தொன்பதுக்கு ரசீது.

பவதாரிணி அதைக் கூடத்துக்கு உருட்டிவரச் சொன்னாள்.
வேட்டியை நாலாக மடித்துப் போர்த்தினாள்.
கலசத்தை மேலே வைத்து, ஆடுகிறதா என்று தொட்டுப் பார்த்து,
என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:
"ஒண்ணும் ஒத்தப்படைதாம்மா."

விளக்கேற்றப் போனபோதுதான் நினைவு வந்தது,
சுண்டலுக்கு எதையும் ஊறப்போடவில்லை.