பனி நிலவரம்

மரோல் மால், நாலாவது மாடி.
ஷட்டர் தூக்குமுன் பலகை எழுதுவது என் வேலை.
வெப்பநிலை: மைனஸ் ஆறு.
கனம்: எட்டு அங்குலம்.
தரம்: அருமை.
அருமையை மட்டும் மேனேஜர் பெயிண்டில் எழுதிவிட்டார்,
அழியாது.

உள்ளதைச் சொன்னால்
நேற்று ரவைப் பதம்.
இன்று ஜவ்வரிசி.
சரிவின் அடியில், பிள்ளைகள் விழுந்து விழுந்து
கல்லுப்பு.
இதற்கெல்லாம் இங்கே என்ன சொல்வார்கள் என்று
கம்ப்ரெசர் பார்க்கும் கோலேகரைக் கேட்டேன்.
பர்ஃப் என்றான்.
எல்லாவற்றுக்குமா?
எல்லாவற்றுக்கும்.

வெளியே ஆரஞ்சு எச்சரிக்கை.
சயானில் தண்டவாளம் தெரியவில்லையாம்.
மூன்றரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி
அதுவும் நின்றது.
நாற்பதடி மலை
விளிம்பிலிருந்து கசியத் தொடங்கி
வடிகாலில் இறங்கி
மழையோடு மழையாக மித்தி ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வாடகை பூட்ஸைக் கழற்றாமல்
ஒரு சிறுமி நின்றாள்.
நாளைக்கு இருக்குமா, அங்கிள்?

இருக்க வாய்ப்புண்டு,
ஓரிரு இடங்களில், என்றேன்.
டிவியில் கேட்டுக் கேட்டு
ஒருமுறையாவது சொல்லிப் பார்க்க நினைத்திருந்த வாக்கியம்.
அவள் தலையாட்டினாள்,
அம்மாவிடம் போய் அப்படியே சொன்னாள்.

டார்ச் வெளிச்சத்தில்
எட்டை அழித்து மூன்று போட்டேன்.
மைனஸை அழித்தேன்.
அருமை
அப்படியே இருந்தது.