வரப்பு

வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு.
சனிக்கிழமை ஓசூர் பஸ், மகள் வீட்டுக்கு.
போகவா, இருக்கவா,
ஒரே ஒரு வார்த்தை சொல்லும் என்று
மூன்று இரவு முழங்காலில் கிடந்தேன்.

கேட்டதற்கும் வந்ததற்கும் சம்பந்தமில்லை.
'வரப்பு' என்றது.
அவ்வளவுதான்.

எனக்குத் தெரியாதா என்ன?
நடவுக்கு முன் அண்டை வெட்டப் போவார் என் வீட்டுக்காரர்.
வருஷம் ஒரு சாணாய்
கலியபெருமாள் வயல் எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது.
அதைச் சோறாய்த் தின்றவள்தானே நான்.

ஆண்டவரே, பயணத்தைப் பற்றியல்லவா கேட்டேன்?
தவளைச் சத்தம்.
வெண்ணாற்றில் புதுத்தண்ணீர் மதகு தாண்டும் இரைச்சல்.

விடியுமுன் போய்க் கதவைத் தட்டினேன்.
சொன்னேன்.
வேப்பங்குச்சியை மென்றபடியே நின்றவர்
"தெரியும்மா" என்றார், "இருபது வருஷமா."
பிறகு உள்ளே போய்
கயிறும் இரண்டு முளைக்குச்சியும் எடுத்து வந்தார்.

இப்போது முழங்கால்வரை சேறு.
பழைய எல்லைக்கல் கோரைக்குள் காலில் இடித்தது.
வாங்குகிறவரிடம்
பதினோரு குழி குறையும் என்று சொல்ல வேண்டும்,
விலையும் குறையும்.

போவதா இருப்பதா,
ஆண்டவர் இன்னும் சொல்லவில்லை.
இன்றைக்கு நானும் கேட்கவில்லை.