ஜோடியாக

அடெனாவில் ஆய்வாளர் காரை உயர்த்தி
டார்ச் அடித்துக் காட்டினார்:
பின்பக்கம், இடது ஷாக் அப்சார்பர்.
எண்ணெய் கசிந்து, அதில் புழுதி அப்பி,
எள்ளுருண்டை பிடித்த கை போல.
தேறாது, என்றார்.

எனக்குத் தெரியும்.
ஒரு மாதமாய் ஒவ்வொரு பள்ளத்துக்கும்
மூன்று முறை தலையாட்டிக்கொண்டிருந்தது,
சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடும் ஆள் மாதிரி.
காட்டு வளைவில் ஒருநாள்
பின்புறம் மட்டும் தனியே
வேறு ஊருக்குக் கிளம்பப் பார்த்தது.

யோரிஸுக்கு எழுதினேன்.
பிரிந்த பிறகும் காரில் பாதி அவனுடையது.
ஒன்றுக்கான பணத்தில் பாதி அனுப்பினான்:
ஒழுகுவது இடதுதானே?

பட்டறையில் ஓட்மார் சிரிக்கவில்லை.
கழற்றிய இரண்டையும் பெஞ்சில் நிறுத்தி
அழுத்திப் பார்க்கச் சொன்னார்.
இடது, அழுத்திய இடத்திலேயே கிடந்தது.
வலது எழுந்தது,
மெதுவாக,
பாதி வழியில் ஒருமுறை தயங்கி.
வெளியே ஒரு துளி எண்ணெய் இல்லை.

இதுவும் போச்சு, என்றார்.
சொல்லாமல் போயிருக்கிறது.

ஜோடியாகத்தான் மாற்றினோம்.
பில்லை அவனுக்கு அனுப்பவில்லை.
பழைய வலதை மட்டும்
செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து,
தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.
எடை போட்ட பெண் கேட்டாள்,
உள்ளே ஏதாவது கசியுமா?

கசியாது, என்றேன்.