குறிப்புகளுக்கான கட்டம்

காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்ப்பேன்.
பத்தொன்பது வருடம். கான்சஸின் மேற்கு ஓரம்.
கோதுமைக் கிடங்கில் எடைமேடை உத்தியோகம்,
அதற்கு முன் இது. சம்பளம் கிடையாது.
ஒரு தகர உருளை, ஒரு மரக்குச்சி, மாதத்துக்கு ஒரு தாள்.

தாளில் சுழியும் வெற்றிடமும் ஒன்றல்ல.
சுழி என்றால் பார்த்தேன், இல்லை.
வெற்றிடம் என்றால் யாரும் பார்க்கவில்லை.
நடுவில் இன்னொன்று உண்டு:
குச்சியின் நுனி நனையும், முதல் கோட்டைத் தொடாது.
அதற்கு எண் இல்லை. சுவடு என்று எழுதவேண்டும்.
அந்த மார்ச்சில் பதினோரு சுவடுகள்.
கூட்டினாலும் சுவடுதான். விதி அப்படி.

ஏப்ரலில் மண் எழுந்து வந்தது.
நண்பகலில் லாரிகள் விளக்குப் போட்டன.
வண்டி ஏறாத எடைமேடை
இருபது பவுண்டு காட்டியது:
யாரோ ஒருவருடைய வயல்.

மே இருபத்திரண்டு. மேற்கே வானம்
அடிபட்டுக் கன்றிய இடத்தின் பச்சை.
அபாயச் சங்கு. நிலவறையில் நானும் நாயும்.
ரயில் போவதுபோல என்பார்கள். எனக்கு
ஒரு பெரிய மேசையை யாரோ
நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போவதுபோல.
ஏறிவந்தால் வீடு இருந்தது, மழைமானி இல்லை.
இரண்டு மைல் தள்ளி, வாசிங்கர் வேலியோரம்,
நிமிர்ந்தபடி நின்றது, உள்ளே தண்ணீரோடு.
எந்த ஊரின் மழை?
விடுபட்டது என்று எழுதினேன்.
பத்தொன்பது வருடத்தில் அந்த ஒரு நாள்.

பிறகு வானம் பேச்சை நிறுத்தியது.
ஜூலை: நூற்றொன்பது டிகிரி, நூற்றுப்பத்து, நூற்றொன்பது.
தாள் முழுக்க முட்டை போட்டேன்.
வியாழன்தோறும் வறட்சி வரைபடம் வரும்:
மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு,
அதற்கும் மேலே காய்ந்த ரத்தத்தின் நிறம்.
சிவப்பு வந்தால்தான் தீவனத்துக்கு நிவாரணப் பணம்.
எங்கள் கவுண்டி ஆரஞ்சிலேயே நின்றது.

ஆகஸ்ட் ஒன்பது இரவு, ஒரே ஒரு மேகம்
என் கூரைமேல் நின்றது. இருபது நிமிடம்.
குச்சி சொன்னது: புள்ளி ஆறு இரண்டு.
சாலைக்கு அந்தப் பக்கம் புழுதி அப்படியே.

டெல்மர் வாசிங்கர் ஏழு மணிக்கு முன்பே வந்துவிட்டார்.
வண்டியை விட்டு இறங்கவில்லை.
"வெர்லீன், ஈரத்தைப் பார்த்தேன்.
எழுதாமல் விடேன். ஒரே ஒரு நாள்.
உன் தோட்டத்தில் பெய்ததற்கு
என் மாடுகள் ஏன் பட்டினி கிடக்கணும்?"
தொப்பியின் விளிம்பில் வியர்வையுப்பு
வளையம் வளையமாக.
பொய் கேட்க வந்தவர் மாதிரி இல்லை.

இன்னொரு முட்டை. அவ்வளவுதான்.
யார் வந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கப்போகிறார்கள்?

புள்ளி ஆறு இரண்டு என்று எழுதினேன்.
தாளின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் உண்டு,
குறிப்புகளுக்கென்று. இத்தனை வருடத்தில்
ஆலங்கட்டி, மூடுபனி தவிர வேறெதுவும் கண்டிராதது.
கட்டம் போதவில்லை. தாளின் பின்புறம் போனேன்:
என் தோட்டத்தில் மட்டும் பெய்தது.
சாலைக்கு வடக்கே ஒரு சொட்டு இல்லை.
வாசிங்கர் குளத்தில் வெடிப்பு என் முழங்கை ஆழம்,
கைவிட்டுப் பார்த்தேன்.
குளத்தடியில் பனிச்சறுக்குச் செருப்பு ஒன்று, ஒற்றை.
நூற்றுநாற்பது மாடுகள். விலா எண்ணலாம். எண்ணினேன்.

அடுத்த வியாழன் ஆரஞ்சு. அதற்கடுத்ததும்.
மூன்றாவதில் சிவப்பு. என் குறிப்பாலா, தெரியாது.
அதற்குள் டெல்மர் நாற்பது மாடுகளை விற்றிருந்தார்,
என் எடைமேடையில் ஏற்றித்தான்.
எடையைப் படித்தேன்.
எண்ணைத் தவிர வேறு பேசவில்லை.

ஜனவரியில் பனிப்புயல். கதவு திறக்கவில்லை.
பனியை அளக்க, உருளையை உள்ளே கொண்டுவந்து
அளந்த வெந்நீரை ஊற்றி உருக்கவேண்டும்.
பிறகு ஊற்றியதைக் கழிக்கவேண்டும்.
மிச்சம்தான் வானம் தந்தது.
ஆறே முக்காலுக்கு டிராக்டர் சத்தம்.
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
டெல்மர் பாதை வெட்டிக்கொண்டிருந்தார்,
என் வாசலுக்கு அல்ல,
சாலையிலிருந்து நேராக மழைமானிக்கு.
கை காட்டவில்லை. போய்விட்டார்.

ஜன்னல் வழியாக இறங்கி, இடுப்பளவு பனியில்
அவர் வெட்டிய இடம்வரை நீந்தினேன்.
மணி ஏழு.
பதினான்கு அங்குலம், உருக்கினால் புள்ளி எட்டு எட்டு.
குறிப்பு: பாதை இருந்தது.