தொழில்: மாணவன்

டேட்டன் நகரம். பிப்ரவரி. கதவிடுக்கெல்லாம் பனி.
வாசலில் கிரைம்ஸ் நிற்கிறார்,
இடுப்பில் துப்பாக்கி, சட்டைப்பையில் புதினா மிட்டாய்.
பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்
அறுநூறு பிள்ளைகளையும்.
யாருக்காவது லாக்கர் திறக்காவிட்டால்
ஒரு தட்டுத் தட்டித் திறந்து கொடுப்பார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
வருகைப் பதிவு எழுதுகிறவள்.

மூன்றாம் பீரியடில்
போனைத் தரமாட்டேன் என்றிருக்கிறான் லமார்.
ஆசிரியை பொத்தானை அழுத்தினாள்.
வந்தது கிரைம்ஸ்.
காலையில் அவர் முஷ்டியோடு
முஷ்டி இடித்துப் போன அதே கை.

கடைசிப் பல்வரை இறுக்கியும்
விலங்கு வளையல்போல் ஆடியது.
கழன்று விழுந்துவிடாமல்
பையனே விரல்களை விரித்து வைத்துக்கொண்டான்,
அவர் வேலையில் குறை வரக்கூடாது என்பதுபோல.

என் மேசையில் வைத்துத்தான் படிவம் நிரப்பினார்.
உயரம்: நாலடி ஏழு அங்குலம்.
தொழில் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
மாணவன் என்று எழுதிவிட்டு
மை காயக் காத்திருப்பவர்போல் நின்றார்.
பால்பாயிண்ட் பேனாதான்.

எனக்கும் ஒரு கட்டம் மிச்சமிருந்தது.
நான்காம் பீரியட், லமார்:
வந்தானா, வரவில்லையா.
கட்டடத்துக்குள்தான் இருக்கிறான்.